படியிறை

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். யார் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் என்ன நடந்தது என்று சொல்பவர்களை நான் ஒருநாளும் நம்பியதில்லை. மேசைத் தலைப்பில் சமரசம் செய்பவராக ரஹமத்துன்னிசா பேகம். மாவட்ட நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வலப்புறம் புகார் கொடுத்த தண்டபாணி, என் மருமகன். கணபதிப் பகுதியில் மோட்டார் பம்புப் பட்டறை வைத்திருந்தவர். இடப்புறம் நாதவெளி நிலையத்தின் செயலர் ஆதிமூலம்; அவரை ஒட்டி நிலையத்தின் வழக்கறிஞர் ஜெபக்குமார். ஜன்னலோரம், நிலையத்தார் உடுத்தும் வெள்ளைப் புடவையில், என் மகள் நப்பின்னை. அவளுக்கு நேர் எதிரே, சாட்சியாக நான், தில்லைநாயகி. மகளிர் கல்லூரியில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்தவள். ஆறு பேர். இந்த அறுவரில் ஐவர் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று என்னால் சொல்ல முடியும்.

ஏழாவதாக ஒருவர் இருந்தார் என்பார் ஆதிமூலம். நிலையத்தை நிறுவிய ஐயா வரவில்லை. அவருடைய படம் வந்திருந்தது. ஒரு நாற்காலியில் துண்டு விரித்து அதைச் சாய்த்து வைத்தார்கள். பேகம் கண்ணாடியைத் தாழ்த்திப் பார்த்தார்.

"இவர் கையெழுத்துப் போடுவாரா?"

"இல்லீங்க மேடம்."

"அப்ப நாற்காலி எதுக்கு? பையில வைங்க."

அந்தக் கணத்தில் அந்த அம்மையாரை எனக்குப் பிடித்திருந்தது. பின்னால் பிடிக்கவில்லை, அதற்குக் காரணம் உண்டு.

நீங்கள் மடியில் வைத்திருக்கும் செய்தித்தாளில் அதைத்தான் பெட்டி கட்டிப் போட்டிருக்கிறார்கள்: 'நாதவெளி: மதமா, வியாபாரமா?' நான் எட்டிப் படித்ததைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியுமாங்க?" என்று கேட்டீர்கள். தெரியும். வண்டி இப்போதுதான் திருப்பூரைத் தாண்டியிருக்கிறது. சேலம் வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். சமரச அறையில் பேசியதை வெளியே பேசக்கூடாது என்பது சட்டம். சட்டத்தை மதிப்பவள் நான். ஆனால் இந்தச் செய்தியில் 'படியிறை' என்ற சொல்லுக்குப் பொருள் தவறாக அச்சாகியிருக்கிறது. தவறான பொருளைத் திருத்துவது சட்டத்தை மீறுவதாகாது.

என் பேத்தி காய்ச்சலில் இறந்தாள். இன்மொழி என்று பெயர். நான் வைத்த பெயர். எட்டு வயது. மருத்துவமனையில் சேர்த்த நான்காம் நாள் போய்விட்டாள். கடைசியில் தொண்டையில் குழாய் இருந்தபடியால் எதுவும் பேசவில்லை. நப்பின்னைக்கு அதுவே பெரிய குறை. குழந்தை ஏதோ சொல்ல வாயெடுத்தது, என்ன சொல்ல வந்ததென்று தெரியவில்லை என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு வாக்கியத்தை எத்தனை முறை சொன்னாலும் அதன் பொருள் கூடுவதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், "நாளையிலிருந்து பள்ளிக்குப் போ" என்றேன். அவள் கணக்காசிரியை. என் கணவர் இறந்தபோது நான் அப்படித்தான் போனேன். தேர்வுத்தாள்களைக் குறித்த நாளில் திருத்திக் கொடுத்தேன். யாரும் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போகவில்லை.

அவள் போகவில்லை. மாதக்கணக்கில் படுத்திருந்தாள். பிறகு ஒருநாள் தலைவாரி, முகம் தெளிந்து, என் வீட்டுக்கு வந்தாள்.

"அங்க என்னைக் கேக்கறாங்கம்மா" என்றாள்.

"எங்கே? யார் கேட்கிறார்கள்? எதைக் கேட்கிறார்கள்? 'கேள்' என்ற வினை செவிகொடுப்பதையும் குறிக்கும், வேண்டிப் பெறுவதையும் குறிக்கும். எந்தப் பொருளில் சொல்கிறாய்?"

"முதல்ல சொன்னதுதாம்மா" என்றாள்.

இரண்டும்தான் என்று பின்னால் தெரிந்தது.

நாதவெளியின் கொள்கை இது: இறந்தவர் குரல் அழிவதில்லை, சொல்ல வந்து சொல்லாமல் போன சொற்கள் உயிரோடிருப்பவர் உடம்பில் வந்து தங்குகின்றன, ஒருவர் முன்னால் அமர்ந்து பேசிப் பேசி அவற்றைக் கரைக்க வேண்டும். பன்னிரண்டு படிகள். ஒன்பதாம் படியில் இறந்தவர் மறுமொழி சொல்வார். ஒவ்வொரு படிக்கும் பணம்; படி ஏற ஏறப் பணமும் ஏறும். தொகையை நிலையம் குறிக்கும்.

என்னை ஒருமுறை அவர்களுடைய விழாவுக்கு நப்பின்னை அழைத்துப் போனாள். வாசலிலேயே அறிவிப்பு: 'படிகளுக்கான நிலையான நன்கொடை விவரம்.' நான் நின்றுவிட்டேன். கொடுப்பவன் மனம்போல் கொடுப்பதுதான் கொடை. அதை நீங்கள் எப்படி நிலையாக்குவீர்கள் என்று அங்கேயே உரக்கக் கேட்டேன். சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஆதிமூலம் கைகூப்பிக்கொண்டு ஓடிவந்தார். மறுவாரம் மாதுளம்பழமும் வெற்றிலைபாக்குமாக வீட்டுக்கே வந்தார்.

"பேராசிரியரம்மா, எங்ககிட்ட உண்மை இருக்குதுங்க. அதச் சொல்லத் தமிழ் இல்லீங்க. நீங்கதான் குடுக்கோணும்."

அப்படிக் கேட்கத் தெரிந்த ஒருவரை நான் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். முப்பத்திரண்டு ஆண்டு தமிழ் கற்பித்திருக்கிறேன். ஒரு கல்லூரி முதல்வர் கேட்டதில்லை.

அன்று மதியமே என் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து சொற்களை ஆக்கினேன். அமர்ந்து கேட்பவருக்குச் 'செவியர்'. ஐயுற்றுத் தடுக்கும் உறவினருக்கு 'இரைச்சலர்'. படிக்குக் கட்டும் பணத்துக்குப் 'படியிறை'. அந்தக் கடைசிச் சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். இறை என்றால் பழந்தமிழில் வரி; இறுப்பது, அதாவது செலுத்துவது, இறை. கல்வெட்டில் 'இறையிலி நிலம்' என்று வந்தால் வரி நீக்கிய நிலம் என்று பொருள். வரி என்பதைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதை வாங்குபவன் நிர்ணயிப்பான். ஆகவே நான் தந்தது மிகத் துல்லியமான சொல். கேட்பவர் காதில் அது கடவுள் என்றும் விழும். அதற்கு நான் பொறுப்பல்ல, மொழி பொறுப்பு. ஆதிமூலம் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

ஒரு காசு வாங்கவில்லை. இதை நீங்கள் நன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு சால்வை போர்த்தினார்கள். 'சொல்லம்மை' என்று பட்டம் தந்தார்கள். மறுப்பது பண்பாகாது. நான் மண்டபத்துக்குள் வந்தபோது அவ்வளவு பெரிய கூட்டமும் எழுந்து நின்றது. கல்லூரியில் எனக்குப் பிரிவுபசாரம் செய்தபோது பதினேழு பேர் வந்தார்கள். அவர்களில் மூவர் சிற்றுண்டி பரிமாற வந்தவர்கள். அது வேறு பேச்சு.

ஒரு குறை நேர்ந்தது. வாசலில் புதுப் பலகை மாட்டினார்கள்: 'படியிரை செலுத்துமிடம்.' சின்ன ர போட்டு! இரை என்றால் புலிக்கு மான், பாம்புக்குத் தவளை. உள்ளே பணம் கட்ட வரிசையில் நின்றவர்கள் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. என் மகளும் அந்த வரிசையில் நின்றாள். நான் ஆதிமூலத்தை அழைத்து, பலகையை இறக்கி, என் கண்முன்னால் வல்லின ற எழுதி மறுபடி மாட்டச் சொன்னேன். வெயிலில் நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். எழுத்துப் பிழையை என்னால் பொறுக்க முடியாது.

நப்பின்னை படி ஏறிக்கொண்டிருந்தாள். அவள் நகை போயிற்று. பிறகு தண்டபாணியின் கடைசல் இயந்திரங்கள் போயின. அவர் நல்ல மனிதர், படிப்பு இல்லை. "குழந்தை குரல் கேக்குமுன்னு சொல்றாளுங்க அத்தை. கேட்டா எனக்கும் கேக்கோணும்னுதான் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே விற்றார். அவள் நிலையத்திலேயே தங்கத் தொடங்கினாள். எட்டாம் படியை இரண்டாம் முறை ஏற வேண்டும் என்று அவர்கள் சொன்னபோதுதான் தண்டபாணி விழித்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். போனதும் அவர் இரைச்சலர் ஆனார். இரைச்சலரோடு நிலையத்தார் பேசக்கூடாது.

நானும் ஆனேன். ஆடி மாதம் அவளைப் பார்க்கப் போனவள் ஒன்றே ஒன்று சொன்னேன்: "ஒன்பதாம் படியில் குழந்தை பேசாது." அவ்வளவுதான். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். தொலைபேசியை எடுக்கமாட்டாள், நேரில் போனால் சுவரைப் பார்ப்பாள். நான் ஆக்கிய சொல்லின் எல்லைக்குள் நானே வருவேன் என்று அவர்கள் கொண்டது இலக்கணப்படி சரிதான். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆடி முடிந்து, தீபாவளி போய், தை பிறந்தது.

தையில்தான் சமரசம். ஆணையத்தின் முன்னால் ஒரு கேள்வி நின்றது, உங்கள் செய்தித்தாள் கேட்கும் அதே கேள்வி. நாதவெளி வியாபாரம் என்றால் பணம் கட்டியவர் நுகர்வோர், கேட்டுப் பெறலாம். மதம் என்றால் கொடுத்தது கொடுத்ததுதான். தீர்ப்பு எப்படியும் போகலாம், ஆண்டுக்கணக்கில் இழுக்கும், பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

பேகம் கெட்டிக்காரர். மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார். தண்டபாணிக்கு இயந்திரங்கள் வாங்கும் அளவுக்குப் பணம் திரும்ப வரும். புகாரை அவர் விலக்கிக்கொள்வார். அவர் மேலும் என் மேலும் இருந்த இரைச்சலர் பெயர் நீங்கும். நப்பின்னை நிலையத்தை விட்டு வந்து என் வீட்டில் தங்குவாள், பேசுவாள். அவளிடம் கேட்டார்கள், தலையசைத்தாள். நான் முதல் நாளே மாடி அறையை ஒட்டடை அடித்துக் கழுவி வைக்கச் சொல்லியிருந்தேன். கட்டிலுக்குப் புது மெத்தையும் வாங்கியாயிற்று. முடியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கடைசிக் கூற்றை ஜெபக்குமார் வாசித்தார். "'படியிறை' என்பது ஐயா அவர்களுக்கு மோனத்தில் அருளப்பட்ட திருச்சொல் என்பதையும், அது இறைவனுக்குச் செலுத்தும் காணிக்கையையே குறிக்கும் என்பதையும், நாதவெளி ஒரு சமய நெறி என்பதையும் இருதரப்பாரும் சாட்சிகளும் ஏற்கின்றனர்."

"இன்னொரு முறை வாசியுங்கள்" என்றேன்.

வாசித்தார்.

"அருளப்பட்டதா?"

"ஆமாங்கம்மா" என்றார் ஆதிமூலம். மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆதிமூலம், அன்று நீங்கள் என் வீட்டில் சாப்பிட்டது என்ன?"

"அது... எலுமிச்சஞ்சாதமுங்க."

"அந்த எலுமிச்சம்பழச் சாதத்துக்கும் மோருக்கும் நடுவில்தான் அந்தச் சொல் ஆயிற்று. ஆக்கியவள் நான்."

ஜெபக்குமார் சிரித்தார். "மேடம், இந்த ஒரு லைன்தான் எங்களுக்கு வேணும். இல்லேன்னா நாளைக்கு ஆயிரம் பேர் பில்லு கேட்டு வந்து நிப்பாங்க. மதம்னா உங்க பொண்ணு இன்னிக்கே வீட்டுக்கு வர்றாங்க. வியாபாரம்னா கேஸ் டெல்லி வரைக்கும் போகும். நீங்களே சொல்லுங்க, எது நல்லாயிருக்கு?"

"நன்றாக இருப்பதா கேள்வி? சரியாக இருப்பது எது என்பதே கேள்வி."

ஆதிமூலம் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, நீங்க கருவிதானுங்க. ஐயாவோட நாதம்தான் உங்க வழியா வந்துச்சு. அது உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதானுங்க."

"எழுதுகோல் என்கிறீர்கள் என்னை."

"அய்யோ, அப்படி இல்லீங்கம்மா..."

தண்டபாணி நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். அவர் கையில் கிரீஸ் கறை இன்னும் போகவில்லை. "அத்தை, ஒத்தை வார்த்தைங்க. போனாப் போகுதுங்க. போட்டுருங்க."

"ஒற்றைச் சொல் அன்று மாப்பிள்ளை, இருசொல் கூட்டு."

பேகம் பேனாவை மூடினார். "அம்மா, உங்க ஆட்சேபணை எனக்குப் புரியுது. அதத் தனியா என் குறிப்புல எழுதி வெச்சுக்கறேன். இப்பக் கையெழுத்துப் போடுங்க. பொண்ணு உக்காந்திருக்கு பாருங்க. அதப் பாருங்க."

பார்த்தேன். மெலிந்திருந்தாள். காதில் ஒன்றும் இல்லை. விரல்களைக் கோத்து மடியில் வைத்திருந்தாள். சிறுவயதில் மேடையில் பேசப் போகுமுன் அப்படித்தான் வைத்திருப்பாள். இவை எவையும் அந்தக் கூற்றின் உண்மைக்குத் தொடர்புடையவை அல்ல.

ஒரு நீதிபதி பொய்யில் கையெழுத்துப் போடச் சொல்கிறார். அப்போதுதான் அந்த அம்மையாரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

நான் எழுந்து நின்றேன். நின்றுகொண்டு பேசியே எனக்குப் பழக்கம். இறை என்ற சொல்லின் வரலாற்றை முறையாக எடுத்துச் சொன்னேன். எங்கும் தங்கியிருப்பவன் ஆகையால் கடவுள் இறை. நாட்டைக் காப்பவன் ஆகையால் அரசன் இறை. அவனுக்கு இறுப்பது ஆகையால் வரியும் இறை. ஒரே சொல்லில் மூன்றையும் வைத்த நம் முன்னோருக்கு மதமா வியாபாரமா என்ற குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. அது நம் காலத்துக் குழப்பம். பேகம்கூட இடையில், "அப்ப இறையிலின்னா வரியும் இல்ல, சாமியும் இல்லையா?" என்றார். ஜெபக்குமார் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு அதற்கும் விடை சொன்னேன். நான் பாடம் நடத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

இதே பொருளில்தான் நாளை சென்னையில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போகிறேன். ஒப்பந்தம் அன்று கையெழுத்தாகவில்லை. வழக்கு மறுபடி ஆணையத்துக்குப் போய்விட்டது. உங்கள் செய்தித்தாளில் இருப்பது அதுதான். தண்டபாணி பட்டறையைப் பூட்டிவிட்டார். விடிந்ததும் பேருந்து நிலையம், கோயில், மருத்துவமனை என்று ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொண்டு அலைகிறார். என்னிடம் வருவதில்லை. வந்தால் சாப்பாடு போட்டிருப்பேன்.

முடிவாக அன்று என்ன சொன்னேன் என்றால், "படியிறையில் உள்ள இறை வரி என்னும் பொருளது. வேறு பொருள் அதற்கு இல்லை. அது என் சொல். இந்தத் தாளில் நான் கையெழுத்திட மாட்டேன்." சொல்லிவிட்டு அமர்ந்தேன்.

அப்போது ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

"அம்மா."

தொண்டை கட்டியிருந்தது அவளுக்கு. நிலையத்தில் விடியற்காலையில் நூறு பேர் சேர்ந்து அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப ஓதுவார்கள். கண்ணை மூடி, நெஞ்சில் கைவைத்து. அதில் தட்டிய குரல்.

"தெனமும் காலையில... படியிறை, படியிறைன்னு... இன்மொழிகிட்டப் போறதுக்கு அதுதான் வாசல்னு சொன்னாங்க. அது நீங்க போட்ட வார்த்தையாம்மா?"

முதலில் வாக்கியத்தைத் திருத்தினேன். "'போட்ட' அன்று, 'ஆக்கிய'. சொல்லை ஆக்குவது, போடுவது அன்று." பிறகு விடை சொன்னேன். "ஆம், நான் ஆக்கியது. அதில் கடவுளும் இல்லை, எவருடைய குரலும் இல்லை. அது ஒரு வரியின் பெயர்."

அறையில் இருந்தவர்கள் என்னை ஏன் அப்படிப் பார்த்தார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. கேட்ட கேள்விக்கு விடை. அதில் பிழை ஒன்றும் இல்லை. தண்டபாணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குமுன் அவர் என்னைத் தொட்டதே கிடையாது. "அத்தை, அவ பேசிட்டாளுங்க. ஆடியிலிருந்து இப்பத்தான் வாயத் தொறக்கறா. நீங்க பேசுங்க அத்தை. ஏதாச்சும் வேற பேசுங்க" என்றார்.

வேறு என்ன இருக்கிறது பேச?

நப்பின்னை எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஆதிமூலம், "வண்டி முன்னாலயே நிக்குதும்மா" என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தண்டபாணி குறுக்கே போய் நின்றார். அவர் சட்டைக் கையை ஒருதரம் தொட்டுவிட்டு விலகி நடந்தாள். என் நாற்காலிக்குப் பின்னால் வரும்போது ஒரு கணம் நின்றாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்து, அவள் எதைச் சொன்னாலும் அதற்கு மறுமொழியை ஆயத்தமாக வைத்துக்கொண்டு, நான் திரும்பாமல் நேராக உட்கார்ந்திருந்தேன். பிறகு கதவு திறந்து, மெல்லச் சாத்திய ஓசை கேட்டது. ஆதிமூலத்தின் வண்டியிலும் அவள் ஏறவில்லை.